‘சும்மா’ என்று நான் சொன்னது குறித்து

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்பது செவ்வாய்க்கிழமை காலை போனில் உங்கள் குரல் ஏறிய உயரத்திலேயே தெரிந்துவிட்டது. நெஞ்சில் கோளாறு உள்ள மனிதரால் அப்படிக் கத்த முடியாது. டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று மனதுக்குள் மகிழ்ந்தேன்.

"என் தங்கச்சி மூணு நாளா சும்மா உக்காந்திருக்காளாமே, மாப்பிள்ளை! மிஷினைத் தொடவே இல்லையாமே! அவளை என்ன சொன்னீங்க?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பேசிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. முப்பது வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறீர்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் வண்டிக்குப் பிரேக் போடுவது உங்கள் காலுக்குப் பழகிவிட்டது. திரும்பப் போன் செய்து விளக்கியிருப்பேன். ஆனால் எங்கள் வீடு சிறியது, போனில் சொன்னால் உள்ளறை வரைக்கும் கேட்கும். ஆகவே எழுதுகிறேன். கடைசி வரை பொறுமையாகப் படித்தால், நீங்கள் வர வேண்டிய தேவையே இல்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வார்த்தை, மச்சான். மூன்று எழுத்து, ஒரு புள்ளி, ஒரு துணைக்கால். சும்மா.

தண்ணீர் மீட்டர் சோதனைக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அளந்த தண்ணீரை மீட்டருக்குள் விட்டு, அது காட்டுகிற எண் சரியா தவறா என்று பார்ப்பது. இரண்டு சதவீதத்துக்கு மேல் தவறினால் மீட்டரைக் கழற்று, சரியாக இருந்தால் முத்திரை வை. வாழ்க்கை முழுக்க ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று வாழ்ந்தவன், ஓய்வு பெற்ற முதல் திங்கட்கிழமை படியிறங்கும்போது ஒரு தப்புச் செய்தேன். இரண்டாவது மாடியில் ஒருவர் இருக்கிறாரே, எப்போது பார்த்தாலும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டோ திரும்பி வந்துகொண்டோ இருப்பார், நாங்கள் ‘சூட்கேஸ்’ என்போம், அவர் வழியில் நிறுத்தி, "என்ன சார், இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்ட கேள்வி. மரியாதைக்கு நானும், "சும்மாதான் இருக்கேன்" என்றேன். "அப்பாடா, நல்லதாப் போச்சு!" என்று சொல்லி என் உள்ளங்கையில் அவர் வீட்டுச் சாவியை வைத்து மூடிவிட்டார். மத்தியானம் ஃப்ரிட்ஜ் சரி பண்ண ஆள் வருவானாம், கதவைத் திறந்துவிட வேண்டுமாம்.

அவ்வளவுதான், அந்த மாடிப்படியில் என்ன ரகசியம் ஓடுமோ தெரியாது, மறுநாளே மேல்வீட்டுப் பல் டாக்டரம்மா ஒரு சாவி கொடுத்தார், பார்சல் வருமாம். அதற்கடுத்த நாள் பாட்டு டீச்சர் ஒரு சாவி கொடுத்தார், பத்து நாள் ஊருக்குப் போகிறாராம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "நீங்க சும்மாதானே இருக்கீங்க!" மூன்று வாரத்தில் என் இடுப்பில் ஒன்பது சாவி தொங்கியது. நடந்தால் வண்டிமாடு வருகிற சத்தம். ஆபீசில் இருந்தவரை மத்தியானம் அரை மணி நேரமாவது கண்ணை மூடியிருப்பேன், சும்மா இருக்க ஆரம்பித்த பிறகு அதுவும் போயிற்று. ஃப்ரிட்ஜ்காரன் வந்த நேரத்தில் குழாய்க்காரனும் வந்து, இரண்டு பேரும் கத்த, பதற்றத்தில் ஃப்ரிட்ஜ்காரனை டாக்டரம்மா வீட்டுக்குள் விட்டுவிட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜை அவன் ஒரு மணி நேரம் பாடுபட்டுச் சரிசெய்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அது குளிரவே இல்லை. பாட்டு டீச்சர் வீட்டுச் செடிகளுக்கு ஒன்பது நாள், வேளைக்கு அரை லிட்டர் என்று அளந்து ஊற்றினேன். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அதில் பாதி பிளாஸ்டிக் செடி. தண்ணீர்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஊற்றினான் என்று இந்தக் கட்டடத்தில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

போன சனிக்கிழமை காலை, கையில் சின்ன கம்ப்யூட்டரோடு ஓர் அம்மா வந்தார். வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கிறார்களாம். எத்தனை பேர், எத்தனை அறை, என்ன தொழில். என் தொழிலைக் கேட்டபோது நெஞ்சை நிமிர்த்தி, "ஓய்வு பெற்ற முதுநிலைச் சோதகர்" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து குழாய்க்காரன், "சார், மெயின் வால்வை மூடுங்க, பீச்சியடிக்குது!" என்று அலறுகிறான். சாவிக்கொத்தில் எந்தச் சாவி என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா, "வீட்ல அவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்கிறார். மச்சான், என் வாயிலிருந்து, நான் அனுப்பாமலே, அது வந்துவிட்டது.

"அவங்க வீட்ல சும்மாதான் இருக்காங்க."

"வேலை இல்லைன்னு போட்டுக்கட்டுமா சார்?"

"போட்டுக்குங்க, போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வால்வை நோக்கி ஓடினேன்.

நான் ஓடிய அந்த நொடியில் உள்ளறையில் தையல் மிஷின் நின்றது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் என் காதுக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி நர்சுகளுக்குச் சீருடை தைக்கிறாள் உங்கள் தங்கை. இந்தத் தெருக்கோடி ஆஸ்பத்திரியில் எந்த நர்சு எதிரே வந்தாலும் அவர் தோளில் இருக்கிற தையல் நம் வீட்டுத் தையல். அவளைப் போய் வேலை இல்லாதவள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி!

வால்வை மூடிவிட்டு வந்து பார்த்தால் மிஷின்மேல் உறை போட்டாகிவிட்டது. அவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, எதிரே முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலியில் அவள் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, துணி அடுக்கத்தான் அது இருந்தது.

"என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லை."

"ஏன் உக்காந்துட்ட?"

"சும்மாதான்."

அந்த ‘சும்மாதான்’ என் முதுகில் ஐஸ் கட்டியாக இறங்கியது. "கோபமா?" என்றேன். "கோபமா? இல்லையே" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ‘இல்லையே’ என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? "நான் ஏதாவது சொல்லிட்டேனா?" என்று மெல்லக் கேட்டேன். "நீங்க எப்பதான் ஏதாவது சொல்லாம இருந்தீங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் மச்சான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பயத்தில் வேலைகளை எல்லாம் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சமையலறை என் கையில். முட்டையை வேகவைக்கப் போட்டுவிட்டு டாக்டரம்மா பார்சலை வாங்கப் போனேன், தண்ணீர் வற்றி முட்டை வெடித்தது. முட்டை வெடிக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பாத்திரம் தேய்த்தேன், வீடு பெருக்கினேன், பிரிவுபசார விழாவில் கொடுத்த சட்டைக்கு இஸ்திரி போட்டேன், முதுகில் இப்போது இஸ்திரிப் பெட்டியின் படம் அச்சாக இருக்கிறது. உங்கள் தங்கை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. டிவி பார்ப்பது மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உப்பு எங்க இருக்குன்னு நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே!" என்று ஒரு முறை பாராட்டினாள். இதெல்லாம் எந்த அளவு கோபத்தின் அடையாளம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது.

திங்கட்கிழமை, அந்த வார்த்தையைச் சொன்னதற்கு ஏதாவது சமாதானம் அகப்படுமா, வேறு நல்ல அர்த்தம் எதுவும் அதற்கு உண்டா, அதைச் சொல்லித் தப்பிக்கலாமா என்று நூலகத்துக்குப் போனேன். நூலகத்தம்மா மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பவர். "என்ன பார்க்கணும் சார்?" என்றார்.

"சும்மா பார்க்கணும்."

"சும்மா பார்க்கறதுன்னா நாளைக்கு வாங்க சார். இன்னிக்குப் புத்தகம் சரிபார்க்கிறோம்."

"இல்லைங்க, சும்மாவைப் பார்க்கணும். ‘சும்மா’ங்கிற வார்த்தையை. அகராதியில."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஒரு தரம் முழுதாகப் பார்த்தார். பிறகு தலையணை கனத்துக்கு ஓர் அகராதியைக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு அர்த்தம் இருக்கும், மிஞ்சினால் இரண்டு இருக்கும் என்று போனவன். அங்கே ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. வேலை செய்யாமல் இருப்பது சும்மா. பேசாமல் இருப்பதும் சும்மா. காரணமில்லாமல் வருவது சும்மா. விலையில்லாமல் கிடைப்பது சும்மா. பயனில்லாமல் போவதும் சும்மா. நூலகத்தம்மாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்ல ‘சும்மா சொன்னேன்’கிறோம், அதை விட்டுட்டீங்களே! சும்மா சும்மா வந்து கேக்காதேன்னா, அடிக்கடி கேக்காதேன்னு அர்த்தம். ‘சும்மா சாப்பிடுங்க’ன்னா, கூச்சப்படாதீங்கன்னு அர்த்தம். ‘சும்மா சொல்லக் கூடாது, நல்லா தைக்கிறாங்க’ன்னா, உண்மையாவே நல்லா தைக்கிறாங்கன்னு அர்த்தம் சார்!" யதேச்சையாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

பக்கத்து மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு போட்டிருக்கா?" என்றார். அதைப் பற்றி அந்த அகராதி வாயே திறக்கவில்லை. "எனக்குத் தெரியும். வாயை மூடிப் பாருங்க. ‘ம்ம்’னுதான் வரும். மூடுன வாய்லேருந்து பொறந்த வார்த்தை இது" என்றார் தபால்காரர். "அதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று நூலகத்தம்மா கேட்டார். "ஆதாரம் என்ன ஆதாரம், நீங்களே மூடிப் பாருங்களேன்." நூலகத்தம்மா மூடவில்லை. அந்தச் சண்டைக்கு நடுவில் என் கண் அடுத்த வரிக்கு இறங்கியது. சும்மாவுக்குக் கீழே, ஒரே ஒரு எழுத்துக் கூடுதலாக, சும்மாடு. பாரம் தூக்குகிறவர்கள் தலையில் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்கிறார்களே, அது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, சும்மை. அதற்குச் சுமை என்றும் பொருள், ஆரவாரம் என்றும் பொருள். "இதுலேருந்து அது வந்திருக்குமோ?" என்றேன். "பக்கத்துப் பக்கத்துல இருந்தா சொந்தக்காரங்கன்னு ஆயிடுமா சார்? எழுத்து வரிசையில உக்காந்திருக்கு, அவ்வளவுதான்" என்று நூலகத்தம்மா முடித்துவிட்டார்.

சொந்தமோ இல்லையோ, நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன் மச்சான். சும்மாடு தூக்குவதில்லை, நடப்பதில்லை. யாரைக் கேட்டாலும், பாரம் தூக்குகிறவன் ஆள், பாரம் மூட்டை, நடுவில் அந்தத் துணி சும்மா இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதை உருவி எடுத்துப் பார்த்தால்தான் தலைக்குத் தெரியும். இரண்டு நாளில் என் தலைக்குத் தெரிந்துவிட்டிருந்தது. வீட்டுப் பாரத்துக்கும் எனக்கும் நடுவில் இருபத்தாறு வருடமாக இருந்தவளைத்தான், யாரோ கேட்டார்கள் என்று, வாசலில் நின்று சும்மா இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். சமாதானம் தேடிப் போனவன் வெட்கத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் போன். வைத்த கையோடு கணக்கெடுப்பு ஆபீசுக்குப் போய்விட்டேன். ஒரே ஒரு கவுண்டர், பதினைந்து பேர் வரிசை. என் முறை வந்ததும், "ஒரு திருத்தம் பண்ணணும் சார்" என்றேன். எதற்கு என்று கேட்டார் கவுண்டர்காரர். "சும்மான்னு சொல்லிட்டேன்" என்றேன். "சும்மாவெல்லாம் திருத்த முடியாது சார், காரணம் வேணும்" என்றார். "காரணமே அதுதான் சார்" என்றேன். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மா, "என்ன சொன்னாராம்?" என்று கேட்க, இன்னொருவர், "வீட்டம்மா சும்மா இருக்காங்கன்னு சொன்னாராம்" என்று அஞ்சல் செய்ய, "ஓஹோ" என்று வரிசை முழுக்க ஒரே குரலில் வந்தது. அந்த ‘ஓஹோ’வில் ஆண்கள் குரல் குறைவாக இருந்தது.

கவுண்டர்காரர் கம்ப்யூட்டரைத் திறந்து, "சரி, என்ன வேலை? தினமும் எத்தனை மணி நேரம்? எத்தனை உருப்படி?" என்று கேட்டார். முப்பத்து மூன்று வருடத்தில் என் மேஜைக்கு வந்த மீட்டர்களின் தவறைப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை சொல்லக்கூடியவன், என் வீட்டு உள்ளறையில் ஒரு நாளைக்கு எத்தனை சட்டை தைக்கப்படுகிறது என்று தெரியாமல் நிற்கிறேன். "எத்தனைன்னு தெரியலை சார். ஆனா காலையில பாத்திரம் கழுவி வெச்ச சத்தம் நின்னதும் மிஷின் சத்தம் ஆரம்பிக்கும். எனக்குச் சாப்பாடு போடறப்ப நிக்கும். நான் சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். டீ கொண்டாந்து வைக்கறப்ப நிக்கும். இந்த மூணு நாளா அந்தச் சத்தம் இல்லை சார், வீடு வீடா இல்லை" என்றேன். கைக்குழந்தை அம்மா, "எட்டு மணி நேரம்னு போடுங்க சார், குறைச்சலாத்தான் இருக்கும்" என்றார். கவுண்டர்காரர், ‘சுயதொழில், தையல், எட்டு மணி நேரம்’ என்று தட்டினார். திருத்தத்துக்குக் காரணம் என்ற இடத்தில், ‘தகவல் தந்தவர் விவரம் தெரியாதவர்’ என்று போட்டு, படித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டார். சந்தோஷமாகப் போட்டேன்.

வீட்டுப் படியேறும்போதே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது! இரண்டு இரண்டு படியாக ஏறினேன். உறையை எடுத்துவிட்டு வெள்ளைத் துணிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்" என்றேன் மூச்சு வாங்க. என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கும் எல்லாம் சரியாயிடுச்சு" என்று சிரித்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கிளறவில்லை. நல்ல குடும்பத்தில் வளர்ந்த பெண், மன்னித்ததைக்கூடச் சொல்லிக் காட்டவில்லை.

நேற்றே ஒன்பது சாவிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "என்ன சார், சும்மாதானே இருக்கீங்க?" என்று சூட்கேஸ் கேட்டார். "இல்லை, எனக்கு வேலை இருக்கு" என்றேன். இருக்கிறது. காலையில் பாத்திரம் அலம்புவது என்னுடையது, மத்தியானம் தைத்த சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுவது என்னுடையது. ஒரு நாளைக்கு ஏழு சட்டை, மச்சான், எண்ணிவிட்டேன். வேலை முடிந்ததும் சாயங்காலம் இரண்டு நாற்காலியை ஜன்னலோரம் போட்டு ஒரு மணி நேரம் இருவரும் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு என்ன பெயர் என்று நான் சொல்லப் போவதில்லை. இவ்வளவு நிம்மதியாக நான் இருந்து எத்தனையோ நாளாகிறது.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பற்றி உங்கள் தங்கையிடமும் கேட்க வேண்டாம், ஆறிய புண். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் அன்பும். உங்கள் கால் பிரேக்கைத் தேடாமல் தூங்கும்படி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது முழுவதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உங்கள் தங்கை கடைசிப் பக்கத்தில் இருந்தாள். "நான் எங்கே கோபமா இருந்தேன்? சனிக்கிழமை மிஷின் பெல்ட் அறுந்துபோச்சு. மெக்கானிக் செவ்வாய்க்கிழமைதான் வருவேன்னார். சரி, கிடைச்ச மூணு நாள் சும்மா இருப்போம்னு இருந்தேன். அண்ணன் போன் பண்ணப்ப, மூணு நாளா சும்மா இருக்கேன், மிஷினைத் தொடலைன்னு மட்டும்தான் சொன்னேன். கோபமான்னு நீங்க பத்துத் தரம் கேட்டீங்க, இல்லைன்னு பத்துத் தரம் சொன்னேன். மிஷினுக்கு என்னன்னு ஒரு தரம் கேட்டீங்களா?" என்றாள். அப்போது ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "அது சரி, அந்தக் கணக்கெடுக்க வந்த அம்மாகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க? மிஷின் சத்தத்துல அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கலை. இப்பதானே தெரியுது!" என்றாள். பெல்ட் நன்றாக இருக்கிறது மச்சான், ஆனால் மிஷின் நின்றுவிட்டது. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் முதல் வண்டியில் வரவும்.

அண்ணா, நீ வராதே. இவர் இப்பதான் பாத்திரம் தேய்க்கப் பழகியிருக்கார். நீ வந்தா உன்கூட உக்காந்து பேச ஆரம்பிச்சிடுவார். எனக்குக் கோபம் எல்லாம் இல்லை, ஆனா அதை இவர்கிட்ட இன்னும் ஒரு மாசத்துக்குச் சொல்றதா இல்லை. உறையை நானே ஒட்டி அனுப்பறேன்.
— தங்கச்சி